புற்றுநோய் தரும் அவகாசம்

நம்மவரிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. சர்க்கரை வியாதி என்றால் வெளிப்படையாகப் பேசுவோம். ரத்த அழுத்தம் என்றால் ஆபீசில் ஆளுக்கொரு யோசனை சொல்வோம். புற்றுநோய் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அந்த வியாதி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். நோயாளிக்கே பெயரைச் சொல்லாமல் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவிடமாட்டார்கள். பெயரைச் சொன்னாலே யமன் வாசலுக்கு வந்துவிடுவான் என்ற எண்ணம்!

இந்த மறைப்புக்குக் காரணம் பயம். பயத்துக்குக் காரணம், நோய் எப்படி உண்டாகிறது என்பதை அறியாமை. எங்கிருந்தோ திடீரென்று வந்து தலையில் விழும் இடி என்று அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப்பல, பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில சமயம் முப்பது ஆண்டு என்று படிப்படியாக உருவாகின்றன. அந்த ஆண்டுகளெல்லாம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதைக் கவனிக்காமல் கழித்துவிட்டுக் கடைசியில் தலையெழுத்தை நொந்துகொள்வது நியாயமா?

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அந்த ஆண்டில் அந்நோயால் இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர். இந்திய ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். உடலின் உள்ளே எட்டாத மூலையில் ஒளிந்திருக்கும் நோயல்ல அது. கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்தால் தெரியக்கூடிய நோய். அதில்கூட இத்தனை உயிர்களை இழக்கிறோம் என்றால், குறை நோயிடம் மட்டும் இல்லை.

நகல் எடுப்பதில் நேரும் பிழை

நமது உடல் 30 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் எனப்படும் உயிரணுக்களால் ஆனது. இவை என்றைக்கும் அப்படியே இருப்பவை அல்ல. ரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். குடலின் உட்புறத் தோலணுக்கள் சில நாட்களிலேயே தேய்ந்து உதிர்ந்து, புதியவை வருகின்றன. வாயின் உட்புறத் தோலும் சில வாரங்களில் புதுப்பிக்கப்படுகிறது. பழைய அணு மறைய, புதிய அணு பிறக்கிறது. ஓர் அணு இரண்டாகப் பிரிவதுதான் இந்தப் பிறப்பு.

ஒவ்வொரு அணுவுக்குள்ளும் அது என்ன செய்யவேண்டும், எப்போது பிரியவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற விதிகள் அடங்கிய ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. டி.என்.ஏ. என்ற ரசாயனத்தால் எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் சுமார் 300 கோடி எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டு பிரதிகள் வேறு. அணு பிரியும்போதெல்லாம் இவ்வளவையும் நகல் எடுத்தாக வேண்டும்.

ஆபீசில் நகல் எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் உள்ள தொல்லை புரியும். எவ்வளவு கவனமான குமாஸ்தாவாக இருந்தாலும் நூறு பக்கத்தில் ஓர் இடத்தில் ஒரு எண் மாறிவிடும். அதற்காகத்தான் ஒப்புநோக்கிச் சரிபார்க்க இன்னொருவரை வைத்திருக்கிறார்கள். உடலும் அப்படியே செய்கிறது. நகல் எடுக்கும்போதே பிழையைக் கண்டு திருத்தும் ஏற்பாடு உண்டு. பிறகு தேடித் திருத்தும் ஏற்பாடும் உண்டு. இந்த இரண்டையும் தாண்டி எப்போதாவது ஒரு பிழை தங்கிவிடுகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் அணு எப்போது பிரியலாம், எப்போது பிரியக்கூடாது என்று கூறும் பக்கத்தில் பிழை விழுந்தால் அது ஆபத்தின் ஆரம்பம்.

ஆரம்பம்தான், முடிவு அல்ல. ஒரே பிழையால் பெரும்பாலும் புற்றுநோய் வருவதில்லை. இதை நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும்

ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்வோம். முன்னே செலுத்த ஆக்ஸிலேட்டர், நிறுத்த பிரேக். அணுவிலும் இப்படி இரண்டு வகை ஜீன்கள் உண்டு. "பிரிந்து பெருகு" என்று உத்தரவிடுபவை ஒரு வகை. இவற்றில் பிழை விழுந்தால் ஆக்ஸிலேட்டர் அழுத்தியபடியே சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படிச் சிக்கக்கூடிய ஜீன்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல, நமது உடலின் சாதாரண ஜீன்களே என்பதைக் காட்டிய அமெரிக்க விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் ஆகிய இருவருக்கும் 1989ல் நோபல் பரிசு கிடைத்தது.

"போதும், நில்" என்று தடுப்பவை இரண்டாவது வகை. இவற்றில் பெயர்பெற்றது 1979ல் அறியப்பட்ட பி-53. நகலில் பெரிய பிழை இருப்பதைக் கண்டால் அணுவை மேற்கொண்டு பிரியவிடாமல் நிறுத்திவைப்பதும், திருத்த முடியாவிட்டால் அந்த அணுவைத் தானே மாய்ந்துபோகச் செய்வதும் இதன் வேலை. நேர்மையான தணிக்கை அதிகாரி என்று சொல்லலாம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த அதிகாரி செயலிழந்து கிடப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

ஆக்ஸிலேட்டர் சிக்கினாலும் பிரேக் காப்பாற்றும். ஒரு பிரேக் போனாலும் இன்னொன்று இருக்கும். எல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்ட பிறகுதான் வண்டி தறிகெட்டு ஓடும். ஒரே அணுவின் வம்சத்தில் இத்தனை பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். புற்றுநோய் பெரும்பாலும் நடுத்தர வயதுக்குப் பிறகு வருவதன் ரகசியம் இதுதான்.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு எப்படி?" என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பெற்றோர் வழியில் கெட்ட ஜீன் வந்து அதனால் உண்டாகும் புற்றுநோய் நூற்றில் ஐந்து முதல் பத்துவரைதான். மற்றவை வாழ்நாளில் சேரும் பிழைகளால் வருபவை.

இரட்டிப்புக் கணக்கு

தறிகெட்ட அணு ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே போகும் என்று தெரியும். முப்பது தடவை இரட்டித்தால் நூறு கோடி அணுக்களுக்கு மேல் ஆகிவிடும். நூறு கோடி என்றவுடன் மலைக்க வேண்டாம். அவ்வளவும் சேர்ந்தால் ஒரு சுண்டைக்காய் அளவுதான், எடை சுமார் ஒரு கிராம். கைக்கோ கண்ணுக்கோ தட்டுப்படுவது ஏறத்தாழ அப்போதுதான். அதற்குமேல் இன்னும் பத்தே தடவை இரட்டித்தால் அது ஒரு கிலோ. அந்தச் சுமையை உடல் தாங்காது.

ஒரு தடவை இரட்டிக்க மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், முதல் அணுவிலிருந்து சுண்டைக்காய்வரை வர ஏழரை ஆண்டுகள். ஏழரைச் சனி என்று பயப்படுகிறோமே, அந்த மாதிரி சந்தடியில்லாமல் கூடவே இருக்கும் காலம் இது. நோய்க்கு நோய், ஆளுக்கு ஆள் இந்தக் காலம் மாறும். பல அணுக்கள் இடையிலேயே மாண்டுபோவதால் இன்னும் நீளவும் செய்யும். ரத்தப் புற்றுநோய் போன்ற சில வேகமாகவும் வரும். ஆயினும் இந்தக் கணக்கு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. கட்டி கைக்குத் தெரியும் நாளில் நோயின் ஆயுளில் முக்கால் பங்கு கழிந்துவிட்டது. மீதி இருப்பது கால் பங்கு. "அடுத்த மாதம் பார்க்கலாம்", "பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காட்டலாம்" என்று நாம் தள்ளிப்போடுவது இந்தக் கால் பங்கைத்தான்.

உடலை எப்படிக் கெடுக்கிறது?

கட்டி என்றாலே புற்றுநோய் அல்ல. உடலில் தோன்றும் கட்டிகள் பல தம் எல்லைக்குள் நின்றுவிடுபவை. அவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. புற்றுநோயின் குணம் எல்லை மீறுவது. அடுத்த திசுவுக்குள் வேர்விட்டு நுழையும். தனக்கு வேண்டிய உணவுக்காக உடலின் ரத்தக்குழாய்களையே தன்பக்கம் கிளைவிடச் செய்துகொள்ளும். அமெரிக்க டாக்டர் ஃபோக்மன் 1971ல் வெளியிட்ட கருத்து இது, பிற்பாடு நிரூபணமானது.

பிறகு சில அணுக்கள் கட்டியிலிருந்து கழன்று நிணநீரிலும் ரத்தத்திலும் கலந்து வேறிடம் செல்கின்றன. வாயில் வந்த நோய் முதலில் கழுத்தில் நெறிகட்டுவது இதனால்தான். போகிற அணுவெல்லாம் முளைப்பதில்லை. விதையும் வேண்டும், ஏற்ற மண்ணும் வேண்டும் என்று 1889லேயே லண்டன் டாக்டர் பேஜட் எழுதினார். மார்பகப் புற்று எலும்புக்கும் நுரையீரலுக்கும், குடல் புற்று ஈரலுக்கும் பரவும் போக்கை டாக்டர்கள் இன்றும் அந்த உவமையால் விளக்குகிறார்கள்.

மரணம் எப்படி வருகிறது? நோய் ஏதோ விஷத்தைக் கக்கிக் கொல்வதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. ஈரலில் குடியேறினால் ஈரலின் வேலை நிற்கிறது. நுரையீரலில் குடியேறினால் மூச்சு முட்டுகிறது. உணவுக்குழாயை அடைத்தால் சோறு இறங்குவதில்லை. உடலின் ரசாயன ஏற்பாடே குலைந்து, சாப்பிட்டாலும் சதை கரைகிறது. எதிர்ப்புச் சக்தி குன்றி, சாதாரணச் சளிக்காய்ச்சலே உயிரை வாங்குகிறது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை அகற்றிவிட வேண்டும். ஒன்று, புற்றுநோய் தொற்று வியாதி என்பது. நோயாளியின் தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ வராது. மெஸ்ஸிலும் வீட்டிலும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து ஒதுக்குவது அறியாமை, கொடுமையும்கூட. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான ஒரு வைரஸும், ஈரல் புற்றுக்கு வழிசெய்யும் மஞ்சள்காமாலை பி வைரஸும் தொற்றக்கூடியவை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குத் தடுப்பூசி உண்டு.

இரண்டாவது, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் நோய் இன்னது என்று நிச்சயிக்க முடியாது. இந்தப் பயத்தால் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு நோய் தானாகவே பரவுகிறது; பழி மட்டும் கத்தியின் தலையில்!

தூண்டுவது எது?

நகல் பிழைகள் தாமாகவும் நேரும். நாமாக வருவித்துக்கொள்வதும் உண்டு. 1775ல் லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரி துடைக்கும் தொழிலாளிகளின் விரைப்பையில் வரும் புற்று, அந்தப் புகைக்கரியால் வருவது என்று எழுதினார். சிறுவயதில் செய்த வேலை, ஆளான பிறகு நோயாக வந்து நின்றது. 1915ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் யமகிவா, இச்சிகாவா இருவரும் முயல்களின் காதில் பல மாதங்கள் விடாமல் தார் தடவி, புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒரு தடவை தடவியதில் ஒன்றும் வரவில்லை. விடாமல் தடவியதில் வந்தது.

நம் கொல்கத்தாவிலேயே இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் நாட்டுக்கு அளித்த வீட்டில் தோன்றிய சேவாசதனத்தை ஒட்டி, ஹாஜ்ராவில் அமைந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1950ஆம் ஆண்டு ஜனவரி 2ந் தேதி திறந்துவைத்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஐரீன் ஜோலியோ-கியூரி. ரேடியத்தைக் கண்ட மேரி கியூரியின் மகள். தாமும் 1935ல் நோபல் பரிசு பெற்றவர். இளம்பெண்ணாக முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட வீரர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவர். ஆயுள் முழுவதும் கதிரியக்கப் பொருள்களோடு பழகியவர். கல்கத்தாவில் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்த ஆறு ஆண்டுகளில், 1956 மார்ச்சில், அவர் ரத்தப் புற்றுநோயால் மாண்டார். நெடுங்காலம் பட்ட கதிர்வீச்சே காரணம் என்று கருதப்படுகிறது. அணுவின் புத்தகத்தைக் கிழிப்பதும் கதிர்வீச்சு. அளவோடும் குறியோடும் பாய்ச்சினால் புற்று அணுவை அழிப்பதும் அதே கதிர்வீச்சு.

மேற்கு வங்கத்தில் காணப்படும் இன்னொரு காரணம் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக் என்ற பாஷாணம். 1983ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் டாக்டர் கே.சி. சாஹா இந்நோயை இங்கே முதலில் அடையாளம் கண்டார். நிறமில்லை, மணமில்லை, ருசியும் மாறுவதில்லை. பல ஆண்டுகள் குடித்த பிறகு உடம்பில் கரும்புள்ளிகளும், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்புகளும் தோன்றுகின்றன. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்று வர அது வழிசெய்கிறது. வடக்கு 24 பர்கானா போன்ற மாவட்டங்களில் குழாய்க்கிணற்று நீரை நம்பியிருக்கும் நம் தொழிலாளர்கள், அந்தக் கிணற்றின் நீர் சோதிக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் வினை

இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. அது நமது சட்டைப்பையில் இருக்கிறது. 1908லேயே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் பென்டல், தாம் கண்ட 1,700 புற்றுநோய்க் கேஸ்களைத் தொகுத்து ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் இன்று நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் அங்கே மிகுந்திருந்ததை அது எடுத்துக்காட்டியது. அதே நெய்யூரிலிருந்து 1933ல் டாக்டர் ஆர், வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கத்தையும் அந்நோயையும் பொருத்தி எழுதினார். உலகம் சிகரெட்டைப் பற்றிப் பேசத் தொடங்குமுன்பே தமிழ் மண்ணில் சொல்லப்பட்ட எச்சரிக்கை இது. நூறு ஆண்டு கடந்தும் நாம் காதில் வாங்கவில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985ல் புகையிலை சேர்த்த வெற்றிலையையும், 2004ல் புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும் புற்றுநோய்க் காரணிகள் என்று அறிவித்தது. "நான் புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நமது தாம்பூலத்தின் மங்கலத்தை நான் குறை கூறவில்லை. கல்யாணத்தில் ஒருநாள் போடும் தாம்பூலம் வேறு. ஷிப்ட் முழுவதும் கன்னத்தில் அடக்கிவைக்கும் ஜர்தாவும் கைனியும் வேறு. யமகிவாவின் முயல் காதில் தடவிய தாரைப் போல, ஒரே இடத்தில் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில்! சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்குகிறது. புண்ணை ஆற்ற அணுக்கள் மேலும் மேலும் பிரிகின்றன. பிரியும் அணுவில் புகையிலை நஞ்சு பிழைகளைப் புகுத்துகிறது.

நம்மவர் பலருக்கு இப்பழக்கம் ஊரிலிருந்து வந்தது அல்ல, இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க, பசி தெரியாமலிருக்க, உடன் வேலை செய்பவர் நீட்டும்போது மறுக்க முடியாமல் என்று தொடங்குகிறது. மேற்கு வங்க அரசு 2013ல் குட்காவுக்குத் தடை விதித்தது. பாக்குப் பொட்டலத்தையும் புகையிலைப் பொட்டலத்தையும் தனித்தனியே வாங்கிக் கையில் கலந்துகொள்ளும் சாமர்த்தியத்தை எந்தத் தடை நிறுத்தும்?

"என் தாத்தா தொண்ணூறு வயதுவரை புகையிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் எப்போதும் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு சௌரங்கி ரோட்டைக் கடந்தவர்களிலும் சிலர் அடிபடாமல் போயிருக்கலாம். அதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு போகும்படி பிள்ளைக்கு யாராவது புத்தி சொல்வார்களா?

டார்ச் விளக்கு செய்த வேலை

வாய்ப் புற்று பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ துடைத்தால் போகாத வெண்திட்டு, அல்லது சிவந்த திட்டு. மூன்று வாரமாகியும் ஆறாத புண். காரம் பட்டால் எரிச்சல். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாதபடி வாய் திறப்பது குறைதல். கழுத்தில் வலியில்லாத நெறி. வலி இல்லை என்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது. இவையெல்லாம் புற்றுநோய்தான் என்பதில்லை; ஆனால் காட்டாமல் விடக்கூடாதவை. இந்தக் கட்டத்தில் புகையிலையை விட்டால் வெண்திட்டு மறைந்துபோவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. 1996ல் தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் (டாக்டர்கள் அல்லர்) வீடுவீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்து, சந்தேகம் தோன்றியவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005ல் வெளிவந்த முடிவு இது: புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப் புற்று மரணம் மற்றப் பகுதியைவிட 34 சதவிகிதம் குறைவு. வாயைத் திறந்து காட்டியதால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மரணம் தவிர்ந்தது!

பெண்கள் விஷயத்திலும் இப்படியே. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் உதிரப்போக்கையும், மார்பில் தென்படும் வலியில்லாத கட்டியையும் வெட்கத்தால் மறைக்கிறார்கள். புருஷனிடம் சொல்லவே ஆறு மாதம். புருஷன் லீவு போட இன்னொரு ஆறு மாதம். கருப்பைவாய்ப் புற்றுக்கான அறுவை சிகிச்சை முறை ஒன்றுக்கு இந்தக் கொல்கத்தா டாக்டர் சுபோத் மித்ராவின் பெயரையே மருத்துவ உலகம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு, ஆரம்பத்திலேயே அறியக்கூடிய நோயை முற்றவிடுவது பெரும் பரிதாபம்.

ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா?

"எதுவானாலும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மவர் சொல்லும் அடுத்த சமாதானம். சென்னை அடையாறு ஆஸ்பத்திரியின் பெருமையை மறுப்பவர் யார்? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உறுதியால் 1954ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் சாந்தாவின் ஆயுட்கால உழைப்பால் வளர்ந்த நிறுவனம் அது. மொழி புரியும், சொந்தம் பக்கத்தில் இருக்கும் என்ற எண்ணமும் இயற்கையே.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். லீவு கிடைக்க எத்தனை நாள், டிக்கெட் கிடைக்க எத்தனை நாள், 1,600 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். வாய்ப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு வாரம் தொடர்ந்து போகவேண்டியிருக்கும். அவ்வளவு நாளும் குடும்பம் ஓரிடம், சம்பளம் ஓரிடம், ஈ.எஸ்.ஐ. அட்டை ஓரிடம் என்று சிதறி இருக்க எத்தனை பேரால் முடியும்? பாதியில் சிகிச்சையை விட்டுத் திரும்புவது, தொடங்காததைப் போலவே ஆபத்து.

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க வருகிறவர்கள், அங்கிருந்து நடந்தே ஹாஜ்ராவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போய்விடலாம். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன். அந்நிறுவனத்தின் இரண்டாவது வளாகம் 2022ல் நியூ டவுனில் திறக்கப்பட்டது. தாகூர்புகூரில் 1973 முதல் ஒரு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. நியூ டவுனிலேயே டாடா மருத்துவ மையம் 2011ல் வந்தது. வங்காளிகள் வைத்தியத்துக்கு வேலூருக்கு ரயில் ஏறுகிறார்கள். நாம் இங்கிருந்து சென்னைக்கு ஏறுகிறோம். முதல் பரிசோதனைக்காவது பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்கக் கூடாதா? நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, எங்கே சிகிச்சை என்பதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

சிகிச்சை பயனற்றது என்று இன்னும் நினைப்பவர்கள் ஒரு சேதியை அறியவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அணுக்கள் நகல் எடுக்கத் தேவையான ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளைத் தம் குழுவினரோடு உருவாக்கினார். 1947ல் பாஸ்டன் டாக்டர் ஃபார்பர் அவற்றில் ஒன்றை ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார்; சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகவேனும் தணிந்தது. மருந்தால் அந்நோயை அடக்க முடியும் என்று உலகம் கண்டது அப்போதுதான். அந்த வரிசையில் வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. அன்று கைவிடப்பட்ட குழந்தைகளின் நோய்களில் பல இன்று குணமாக்கக் கூடியவை.

செய்யவேண்டியது என்ன?

நமது சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, நடத்தட்டும். அதே மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பல் டாக்டரை அழைத்து, வந்தவர்கள் வாயையெல்லாம் பார்க்கச் செய்தால் என்ன செலவாகிவிடும்? வங்காளியில் டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்ல இரண்டு இளைஞர்கள் போதும். மொழி தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் தொழிலாளிக்குத் துணையாகப் போகச் சிலர் பெயர் கொடுத்தால் அதுவே பெரிய தருமம். தொழிற்சங்கங்களும் போனஸ் கோரிக்கையோடு ஆண்டுக்கு ஒருமுறை உடற்பரிசோதனை என்ற கோரிக்கையையும் சேர்க்கலாம்.

தனிமனிதனாக ஒவ்வொருவரும் செய்யக்கூடியது இன்னும் எளிது. மாதச் சம்பளம் வாங்கும் நாளில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. மாறுதல் தெரிந்தால் மூன்று வாரம் பொறுக்கலாம். நான்காவது வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பையில் இருக்கும் பொட்டலத்தை இன்றே எறிந்துவிட வேண்டும். எத்தனை ஆண்டு போட்டிருந்தாலும், விட்ட நாளிலிருந்து ஆபத்து குறையத் தொடங்குகிறது.

புற்றுநோய் ஒரே ராத்திரியில் வீட்டுக்குள் புகும் திருடன் அல்ல. பல ஆண்டுகள் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்ப்பவன். இடையில் ஒருநாள் விளக்கை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் பிடித்துவிடலாம். விளக்கை ஏற்றவே பயப்படுகிறோமே, அந்தப் பயம்தான் முதலில் தீர்க்க வேண்டிய வியாதி.